அறுபது கிலோ, இருபது தடவை

திங்கள், வைகாசி 4

காலை 5:40. காற்றே இல்லை. இப்போதே சட்டை முதுகில் ஒட்டுகிறது.

ஜிம்மில் நான், மாடசாமி, ஒரு மின்விசிறி. சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய் வத்தல் மண்டி. மூட்டை ஏற்றும் நாளில் ஆழமாக மூச்சு இழுத்தால் தும்மல் வரும். இன்று ஏற்றவில்லை.

ஸ்குவாட்: தோளில் 60 கிலோவோடு குந்தி எழுவது. பதினேழு. மூன்றாவது வாரமாக அதே பதினேழு.

விதியை எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே சலுகை காட்டாமல் இருக்க. எடை மாட்டிய பாரைத் தோளில் வாங்கிவிட்டால் இருபது முடியும்வரை ராக் என்ற தாங்கியில் திரும்ப வைக்கக் கூடாது. நின்றபடி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், எவ்வளவு நேரமானாலும். தொடை தரைக்கு இணையாக இறங்க வேண்டும், அரைகுறை கணக்கில் சேராது. முடியாமல் போனால் அப்படியே குந்தி, இருபுறமும் உள்ள தடுப்புக் கம்பிகளில் பாரைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். தடுப்புக் கம்பி அதற்குத்தான்.

பத்து வரை உடம்பு பார்த்துக்கொள்கிறது. பதினொன்றிலிருந்து உள்ளே ஒரு ஆள் பேச ஆரம்பிக்கிறான். நேற்று சரியாகத் தூங்கவில்லையே. வயது 54 ஆகிறதே. பதினைந்து போதாதா, யார் கேட்டார்கள்? இறங்கி ஏறும்போது அவன் பேசுவதில்லை. நின்று மூச்சு வாங்கும் அந்த நேரம்தான் அவனுக்கு.

11:20. மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் போன். மேசை வேலை ஒன்று காலியாம். ஏசி அறை. வாரம் ஒரு நாள் விடுப்பு, உண்மையான விடுப்பு. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்கண்ணே. ஓடுனது போதும்." என்னைவிட ஒன்பது வயது இளையவர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்.

எனக்குள் ஓர் ஒப்பந்தம். சனிக்கிழமைக்குள் இருபது வந்தால் இங்கேயே, களத்தில் நிருபராக. வராவிட்டால் மதுரை.

யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய் 5

வெயில். கலெக்டர் அலுவலக மாடிப்படியில் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது கைப்பிடி தேவைப்பட்டது.

வாங்க வேண்டியவை: பேனா ரீஃபில், வாழைப்பழம், தைலம் (பெரிய பாட்டில்).

லட்சுமி: "என்னங்க இது, நண்டு மாதிரி நடக்கீக? டாக்டர் நடக்கத்தான சொன்னாரு. இரும்பத் தூக்கிச் சொமக்கவா சொன்னாரு?"

முப்பது வருட மனைவிக்கான பதிலை இங்கே எழுதலாம்.

போன புரட்டாசி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை விபத்து. ஆம்புலன்ஸ் மண்பாதையில் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. அடிபட்ட ஒரு பெண்ணைச் சாக்குப் படுதாவில் கிடத்தி நான்கு பேர் தூக்கினோம், ஆளுக்கு ஒரு மூலை. நான்காவது ஆள் கிடைக்காமல் நான். குந்தி எழுந்தேன். முப்பது அடி போயிருப்போம். வலது தொடை வெட்டி இழுத்தது. என் மூலை தரையில் விழுந்தது. அவள் "யாத்தே" என்று கத்தினாள். அடுத்து எனக்கு நினைவிருப்பது ஆம்புலன்ஸ் கதவு மூடிய சத்தம். இடையில் எதுவும் இல்லை. குறிப்பேட்டிலும் இல்லை.

பிழைத்துவிட்டாள். பெயர் பாக்கியம். ஆமத்தூர்ப் பக்கம்.

மறுநாள் செய்தியில் எல்லாம் எழுதினேன். என் மூலையைப் பற்றி எழுதவில்லை.

வியாழன் 7

5:45. மண்டியில் வத்தல் லோடு ஏறுகிறது. கண் எரிச்சல்.

பதினெட்டு!

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே நின்று இழுத்த மூச்சு, மாடசாமி எண்ணியபடி, பதினாறு. கண்ணுக்கு முன்னால் சிறு பொறிகள். உள்ளே பேசுகிற ஆள் மதுரை ஏசி அறையை வர்ணித்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குத் திரை கூடப் போட்டுவிட்டான்.

மாடசாமி பற்றி. (இனி மா.) 48 வயது. இருபத்திரண்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை. இப்போது அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். 6:30க்கு முதல் ஊர். எனக்குப் பின்னால் நின்று எண்ணுவது இவர்தான். எடைத் தட்டுகளைப் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் வைப்பார். கலவை அறையில் இரும்பே ஆகாது, பொறி பறக்கும். பித்தளை, மரம், வெறுங்கை. எதுவும் விழக் கூடாது, இழுபடக் கூடாது, உரசக் கூடாது. வெளியே வந்து நான்கு வருடமாகியும் கைக்கு அது தெரியவில்லை.

இன்று மூலையில் ஒருவன் டம்பெல்லைத் தொப்பென்று போட்டான். மா. சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு கோபம்.

"ஏலே, பூப்போல வையிலே! நாங்க இப்பிடிப் போட்டிருந்தா உனக்கு இன்னேரம் எங்க கருமாதிச் சோறு செரிச்சிருக்கும்."

"அண்ணாச்சி, இது ஜிம்முண்ணாச்சி."

"ஜிம்முன்னா இரும்புக்கு வலிக்காதா?"

அவன் சிரித்தான். மா. சிரிக்கவில்லை.

வெள்ளி 8

ஆமத்தூர்ப் பேருந்து 9:10க்குப் பதில் 9:35. விபத்தில் பிழைத்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி. நானே கேட்டு வாங்கியது. பட்டியலில் பாக்கியம் முதல் பெயர். கடைசியாக வைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்தே காகிதக் கவர் ஒட்டுகிறாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"வாங்கய்யா. சாப்பிட்டீகளா? காப்பித்தண்ணி போடவா?"

தரையில் உட்கார்ந்தேன். இரண்டு முழங்காலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின.

"என்னய்யா, மூட்டுக்குள்ள ஓலவெடி வச்சிருக்கீகளா? லைசென்ஸ் இருக்கா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

கை, மருத்துவம், தூக்கம், பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டு முடித்தேன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன், அன்று தூக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா என்று.

"நெனப்பு இல்லாமயா? ஒரு பக்கம் பொத்துனு கீள போட்டீகள்ல."

போட்டது யார் என்று தெரியுமா?

"நீங்கதான. கண்ணாடி போட்டவுக அங்கன ஒருத்தர்தான் நின்னீக."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் கவரை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அதுக்கென்னய்யா. திரும்பத் தூக்குனீகள்ல. 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னுக்கிட்டே தூக்குனீக. உங்க மூச்சு எம் மொகத்துல அடிச்சது."

நானில்லை, வேறு யாராவது மூலையை வாங்கியிருப்பார்கள் என்றேன்.

"எவன் வாங்குனான்? ஆளு ஏது அங்கன?"

மாலை. அன்று தூக்கிய மற்ற மூவரில் ஒருவரைத்தான் போனில் பிடிக்க முடிந்தது. "எனக்கு எம் மூலதான் சார் தெரியும்" என்றார்.

ஆக, ஒரே ஆதாரம். அதுவும் அன்று பாதி மயக்கத்தில் இருந்தவர். என் மனம் இதை நம்ப மிகவும் விரும்புகிறது. அதனாலேயே எடுத்துக்கொள்ள முடியாது.

சனி 9

4:50க்கே விழிப்பு. இரண்டு இட்லியில் ஒன்றை வேண்டாமென்று வைத்துவிட்டேன். 5:45க்கு ஜிம்.

பதினைந்து வரை ஒழுங்கு. பதினாறில் பார் கழுத்தை நோக்கி உருண்டது, தோளைக் குறுக்கிச் சரிசெய்தேன். பதினெட்டு. நீண்ட நிற்றல். பத்தொன்பது. அதைவிட நீண்ட நிற்றல். வியர்வை கண்ணாடியின் உள்பக்கம்.

இருபது. இறங்கினேன். பாதி ஏறியதும் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பியில் போட்டுவிடலாம் என்று நினைத்த நொடியில் எடை குறைந்தது. நின்றுவிட்டேன்.

"இருவது!" மா. கத்தினார். மூலை டம்பெல்காரன் கை தட்டினான்.

மூச்சு வந்த பிறகு கேட்டேன்: "தொட்டீங்களா?"

"இல்ல சார். ரெண்டு வெரலு."

"ரெண்டு விரலா, கையா?"

"...கை."

"ஒரு கையா?"

"கோர்ட்டுலகூட இம்புட்டுக் கேக்க மாட்டாக சார். ரெண்டு கையும்தான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விளப் பாத்துச்சு. விளுறதப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க எனக்குப் பளக்கம் இல்ல."

பத்தொன்பது.

சாவு எண்ணிக்கையில் மற்ற பத்திரிகைகள் காதில் விழுந்ததைப் போட்ட நாட்களில், பிணவறைப் பட்டியல் வரும்வரை வாசலில் நின்றவன் நான். இதற்கு மட்டும் இருபது என்று எழுத முடியாது.

ஞாயிறு 10

மேகம் வந்து, பார்த்துவிட்டு, போய்விட்டது.

மதியம்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரியை ஒழுங்கு செய்தேன். பழைய குறிப்பேடுகளைத் தேதிவாரியாக அடுக்கி, மறுபடி கலைத்தேன். லட்சுமி, "ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தால் எழுவது சிரமம்.

4:05. மதுரை.

"என்னண்ணே, முடிவு?"

"செவ்வாய் வரைக்கும் டைம் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு எண்ணிக்கை இன்னும் உறுதியாகலை."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டார். இந்தப் பதிலை என்னிடம் பல தடவை கேட்டவர்.

செவ்வாய் 12

5:40. லேசாகக் காற்று. வத்தல் வாசம் இல்லை.

மா. தன் துண்டை நீட்டினார். "கையப் பின்னால கெட்டிருங்க சார். இது சொன்ன பேச்சு கேக்காது."

கட்டினேன். இறுக்கமாகத்தான்.

பத்து. பதினைந்து. உள்ளே இருக்கும் ஆள் இன்று ஊர் மாற்றும் சாமான் பட்டியல் போட்டான். பதினெட்டு. பத்தொன்பது, 5:58.

இருபது. இறங்கினேன். அதே இடம், பாதியில். தொடை நடுங்கியது. மா. பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கை வரவில்லை. மெதுவாக, பிறகு வேகமாகக் கீழே. பார் தடுப்புக் கம்பிகளில் விழுந்தது. இரும்பின் மேல் இரும்பு. தெருவில் நாய் குரைத்தது.

மா. கண்ணை இறுக மூடி, தோள்கள் காதுவரை ஏற நின்றார். ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணும் ஆவல" என்றார், தனக்கே.

பாருக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே தவழ்ந்து வர வேண்டும், அதுதான் முறை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பித் தோளை அடியில் கொடுத்தேன்.

"சார், வேணாம். நான் கை கெட்டிக் கெடக்கேன்."

அடியிலிருந்து எழுவது வேறு வேலை. இறங்கி வந்த வேகம் துணைக்கு இல்லை. பார் அசையவில்லை. பிறகு அசைந்தது. காதில் யாரோ பேசும் சத்தம். நின்று, ராக்கில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"யாருகிட்ட சார் பேசுனீக?"

"நானா?"

"'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு. ஏறி முடிக்கிற வரைக்கும்."

பாக்கியம் சொன்னதை மா.விடம் நான் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவள் சொன்னதற்கு இரண்டாவது ஆதாரம்.

விதிப்படி இது பத்தொன்பதுதான். கீழே போட்டது ஒன்று. திரும்பத் தூக்கியது ஒன்று. ஒப்பந்தத்தில் நான் எழுத மறந்தது அதைத்தான்.

6:15, வாசலில் நின்று மதுரைக்குப் போன். தூக்கக் குரலில் எடுத்தார்.

"உறுதியாயிருச்சாண்ணே?"

"பத்தொம்பது. நான் இங்கேயே இருக்கேன்."

"என்ன பத்தொம்பது?"

உள்ளே இருந்து மா.: "சார், வேன் எடுக்கணும். கைய அவுத்து விடுங்க."