‘சேந்தாச்சுங்க’ என்ற பதில்

ஆய்வுத் தாள்களின் கட்டைப் பிரித்ததும், நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் வாசம் வந்தது. நீ போய் நான்கு மாதமாகிறது. கட்டை மூடினேன், மறுபடி பிரித்தேன், எழுந்து நடந்தேன். நாளைக் காலை நாமக்கல்லில் அறக்கட்டளைக் கூட்டம். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாம் ஏற்றுக்கொண்ட வேலை உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் தயாராக எது உண்மையிலேயே உதவுகிறது என்று, கைக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் எடைபோட்டுச் சொல்ல வேண்டும். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்று ஒவ்வொன்றையும் குடைவாய். “முகாம் முடிஞ்ச அன்னிக்கே நல்லா இருந்துச்சான்னு கேட்டா, பசங்க ஆமான்னுதானே சொல்லும்? சோறு போட்டிருக்காங்கல்ல!” என்று ஒன்றைத் தூக்கி ஓரமாகப் போட்டாய். ஆத்தூர்க்காரி எனக்கு உன் திருச்செங்கோட்டுப் பேச்சு எப்போதும் கேலிதான். “உங்க ஊருல ‘ங்க’ போடாம நாய்கூடக் குரைக்காதுடி” என்பேன். “மரியாத தெரிஞ்ச நாயிங்க” என்பாய்.

அந்தக் கட்டில் நம் அறக்கட்டளையின் ஒருநாள் வழிகாட்டி முகாமும் இருந்தது. அதற்கு வந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் செய்தது நான். “பாப்பா சேந்துட்டாங்களா?” என்பேன். “சேந்தாச்சுங்க” என்பார்கள். கல்லூரி என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவேன். ஒரே மதியத்தில் பாதிப் பட்டியலை முடித்த பெருமை வேறு.

நீ பட்டியலைப் பார்த்துவிட்டு, “எங்க சேந்தாங்க புள்ள?” என்றாய்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. “காலேஜுலதான்! வேற எங்க சேருவாங்க?”

“எங்க பக்கம் தறிக்குப் போனாலும் சேந்தாச்சும்பாங்க, மில்லுக்குப் போனாலும் சேந்தாச்சும்பாங்க. மறுக்காக் கூப்பிட்டுக் கேளு.”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். ஆளை விடு!” என்று கத்திவிட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். அந்த வாரமே மாரடைப்பு. அழுதேன். அழுதுகொண்டே, எதையும் திருத்தாமல் அறிக்கையை அனுப்பினேன். உன் பெயரையும் சேர்த்துப் போட்டு. அதுதான் என்னை அறுக்கிறது.

ஒருநாள் முகாமே போதும், பள்ளிகளில் வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் வழிகாட்டிகள் வேண்டாம் என்று நாளை முடிவெடுக்கப் போகிறார்கள். முகாமுக்கு வந்தவர்கள் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள் என்ற நம் அறிக்கையை நம்பித்தான்.

இன்று காலை போனை எடுத்தேன். குமாரபாளையத்தில் ஓர் அம்மா. “பொண்ணு எங்கம்மா சேந்தா?” என்றேன்.

“பக்கத்துத் தெருத் தறிப்பட்டறையிலங்க. அன்னிக்கே சேந்தாச்சுன்னு சொன்னனேங்க.”

மகளே போனை வாங்கினாள். நல்ல மார்க். கல்லூரிக்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறாள். “காலேஜுக்கு எந்தத் தேதி வரோணும்னு மெசேஜ் வந்துச்சாமுங்க. குடுத்தது அப்பா நம்பரு. அந்தப் போனு அவருகூட லாரில வடக்க போயிருச்சுங்க. வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியலீங்க.”

அடுத்தடுத்து அழைத்தேன். கல்லூரியில் இருப்பவர்களும் உண்டு. மில், தறி, கோழிப்பண்ணை என்றவர்களும் இருந்தார்கள். அறக்கட்டளைச் செயலாளரைக் கூப்பிட்டு, “அறிக்கை தப்புங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். நிறுத்தி வைங்க” என்றேன். “அச்சாயிருச்சுங்களே மேடம்!” என்று எரிந்து விழுந்தார். நாளை அத்தனை பேர் முன்னால் நின்று சொல்லப் போகிறேன்.

குமாரபாளையத்துப் பெண்ணிடம், அடுத்த வருஷம் விண்ணப்பிக்கும்போது நானே கூட இருக்கிறேன் என்றேன். அவள் கேட்டாள்: “அப்பவும் சேந்தாச்சான்னு கேட்டுட்டு வெச்சுருவீங்களாங்க?”

இல்லை என்றேன். நம்பினாளா, தெரியவில்லை. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அவள் குரல்தான் காதில் நிற்கிறது. நீயாக இருந்தால் இந்நேரம் குமாரபாளையம் பஸ்ஸில் ஏறியிருப்பாய். நான் இப்போதுதான் செருப்பை மாட்டுகிறேன், புள்ள.