எலும்பு மில்லுக்குப் போன குட்டித் திமிங்கிலம்

என் ஆசைத் தம்பி சாமுவேலுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தால் பூவை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புகிறவள்தான் நான். இன்றைக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. உன் திமிங்கிலத்தை நீ பாடம் எடுத்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் எலும்பு மில்லுக்குப் போட்டுவிட்டார்கள். மாட்டெலும்போடு சேர்த்து அரைத்து உரமாக்கிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. திருச்செந்தூர்ப் பக்கம் கரை ஒதுங்கிச் செத்த அந்தக் குட்டியை மணலில் புதைத்து வைத்து, சதையெல்லாம் மக்கிய பிறகு தோண்டி, உப்பு லாரியில் ஏற்றி நீ சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தாயே, அது லேசுப்பட்ட பாடா? கடலையே பார்க்காத பிள்ளைகளுக்கு விலங்கியல் புத்தகத்துப் படம் போதாது என்றாய். நம் மொட்டைமாடி முழுக்க எலும்பு. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "சிஸ்டர், ஆஸ்பத்திரிப் பொணத்தையெல்லாம் வீட்டுக்கே கொண்டாந்துட்டியளா?" என்று கேட்டார். பிரசவ வார்டு நர்ஸிடம் கேட்கிற கேள்வியா அது!

வெயில் ஏற ஏற எலும்பிலிருந்து எண்ணெய் கசிந்தது. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்தவள் நான். கை வெந்து தோல் உரிந்தது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே சொன்னாய்.

"இந்த எண்ணெய்க்குத்தான்க்கா வேட்டைக்காரன் கப்பல் கப்பலாப் போய்க் கொன்னான். வெளக்கு எரிக்க, சோப்புப் போட, மிசினு ஓட்ட. மொதல்ல கையால ஈட்டி எறிஞ்சான். பொறவு ஈட்டி நுனியில வெடி வச்சுப் பீரங்கியால சுட்டான். இன்னைக்கும் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

அடுத்த எலும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சில எடத்துல குட்டியத்தான் மொதல்ல குத்துவானாம். குட்டிய விட்டுட்டுத் தாய் போகாதுல்லா? அங்கனயே சுத்திச்சுத்தி வரும்," என்றாய்.

கையிலிருந்த பிரஷைக் கீழே போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வார்டு வாசலை விட்டு நகராத தாய்மாரைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்தத் தாய்ப் பாசத்தையே தூண்டிலாக்கியவன் மனுஷன்தானா?

துடுப்பு எலும்புகளை நீ பாயில் அடுக்கியபோது பார்த்தால், கை! பிறந்த பிள்ளையைத் துடைத்து எடுத்ததும் விரலை எண்ணுவது என் வேலைப் பழக்கம். இதற்கும் எண்ணினேன். நாலுதான் இருந்தது. "ஏலே, ஒரு வெரல எங்கல தொலைச்ச?" என்று உன்னைத் திட்டினேன். "தொலைக்கலக்கா. இந்த இனத்துக்கு நாலுதான்," என்று சொல்லிச் சிரித்தாய். அதற்கப்புறம் அது எனக்கு வெறும் எலும்பாகத் தெரியவில்லை.

ஆண்டு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் உட்கார ஒரு ரூம் வேண்டுமாம். நீ எலும்பைக் கோத்து நிறுத்தி வைத்திருந்த திமிங்கில ரூம்தான் காற்றோட்டமான ரூமாம். எலும்பு நாறுகிறதாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் மாட்டுவண்டி பிடித்தாவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேனா? வார்டு ஆயா சொல்லித்தான் எனக்கே தெரியும். யூனிஃபாரத்தோடு பஸ் ஏறி மில்லுக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எலும்பு பொறுக்குகிற அம்மாள் ஒருத்தி மூலையைக் காட்டினாள். "ஒண்ணு மட்டும் கெடக்கு தாயி. கல்லுன்னு நெனச்சு ஒதுக்கிப் போட்டேன். மிசினு பல்லு ஒடஞ்சிரும்லா?"

தேங்காய்ச் சிரட்டை அளவில், கனமாக, ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. காது எலும்பு. இருட்டுக் கடலில் குட்டி தாயைத் தேடுவதெல்லாம் காதை வைத்துத்தான் என்று நீ சொல்லிச்சொல்லிக் காட்டியது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி யார் செத்தது என்று கேட்டாள். கைப்பையைத் திறந்து அதை உள்ளே வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கேள். திமிங்கில வேட்டையை நிறுத்துவது என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்துவிட்டன. ரேடியோவில் கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, முரண்டு பிடிக்கிற நாடுகளும் இருக்கின்றன. இருந்தாலும் கடலில் நிறுத்தப் பார்க்கிறார்கள். கடலே இல்லாத சங்கரன்கோவிலில் இவர்கள், செத்த குட்டியை லாரியில் ஏற்றி மில்லுக்கு அனுப்புகிறார்கள். நீ இருந்திருந்தால் அந்த லாரிக்கு முன்னால் படுத்திருப்பாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான். உன்னைக் கொண்டுபோன காமாலையில் கண் மஞ்சளானதை ஒரு வாரம் என்னிடமே மறைத்தாயே, நான் நர்ஸ் இல்லையா?

ஆண்டு விழாவில் என்ன நடந்தது தெரியுமா? விருந்தினர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "இங்க ஒரு திமிங்கிலம் இருக்காமே, அதைப் பாக்கத்தான் வந்தேன்," என்றாராம். காது எலும்பு என்னிடம் இருப்பதை மில்லில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் காலையிலேயே ஹெட்மாஸ்டர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், அந்தக் காத மட்டுமாவது குடுங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சிருதோம். தம்பி பேரும் போட்டிருதோம்."

"தாரேன் சார். காலைல பிரேயர்ல நீங்க பிள்ளையளுக்கு முன்னால நின்னு, மீதி ஒடம்ப என்ன செஞ்சோம்னு சொல்லுங்க. சொன்ன அன்னைக்கே தாரேன்."

"அதெப்படி சிஸ்டர் சொல்ல முடியும்? மானம் போயிரும்லா?" என்று சொல்லிவிட்டு, நான் வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

போகட்டும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவர் சொல்லவில்லை என்றால், நானே இதை எடுத்துக்கொண்டு மேடை ஏறுவேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன். கடலில் வேட்டைக்காரன் செய்ததையும் சொல்வேன், நம் ஊரில் இவர்கள் செய்ததையும் சொல்வேன். பிறகு அந்தக் காதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். ஒவ்வொரு பிள்ளையும் அதன் கனத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். இது சத்தியம் தம்பி.

இப்படிக்கு,
உன் குட்டிக்குச் சோடா போட்டுக் கை வெந்த அக்கா,
எஸ்தர்