உன் இடுப்பில் கயிறு இருந்தது

என் பிரியமுள்ள மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. என் கையெழுத்தை நீ பார்த்ததெல்லாம் கடை ரசீதில்தான். இப்போது எழுதுகிறேன். அதுவும் ஊரே படிக்கிற பத்திரிகையில் போடச் சொல்லி எழுதுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் ஊர்ச் சேதி. பச்சைத் தேயிலை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. நம் எஸ்டேட் பேக்டரியை மூடிவிட்டார்கள். என் தங்கைக்கு, அதுதான் உன் சரோஜாவுக்கு, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பாதி லைன் வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கிப் போய்விட்டார்கள். கோத்தகிரியில் என் கடையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியும் ரப்பர் பூட்ஸும் கேட்பார் இல்லை. நான் அவற்றை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, டூரிஸ்ட்டுகளுக்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் விற்கிறேன். பிழைத்துக்கொண்டேன். நான் எப்போதும் பிழைத்துக்கொள்கிறவன்தானே?

அடுத்த சேதி, அந்தப் பாட்டுக்காரி வருகிறாள். பெங்களூருக்கு. நீ மேடை கட்டப் போனாயே, அதே வெள்ளைக்காரப் பாட்டுக்காரி, அதே உலகச் சுற்றுப் பயணம், இரண்டாம் சுற்று. ஊட்டிக் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பேசிவிட்டார்கள். என் கடைக்கு எதிர்ச் சுவரில் போஸ்டர். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன். போஸ்டரில் அவளுக்குப் பின்னால் நான்கு இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. மற்றவர்கள் அவளைப் பார்க்கிறார்கள். நான் கோபுரத்தைப் பார்க்கிறேன்.

எஸ்டேட்டில் தேயிலைக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக் மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர்கள் யாரும் கயிறு கட்டியதில்லை. அணில் மாதிரி ஏறுவார்கள். கட்டி ஏறிய ஒரே ஆள் நீ. வருஷா வருஷம் மழைக்கு முன்னால், பழைய கயிறு நன்றாகவே இருந்தாலும், என் கடைக்கு வந்து புதிது வாங்குவாய். முனையை மெழுகுவத்தியில் உருக்கி, சிவப்பு நூல் சுற்றிக் கொடுப்பது என் கடை வழக்கம். அந்தச் சிவப்பு நூலை உன் இடுப்பில் பார்த்துவிட்டு ஆட்கள் கேலி செய்வார்கள்.

"ஏனுங்க வேலுச்சாமி, ஊட்டுல சரோஜாக்கா உங்களுக்குத் தாலி கட்டி அனுப்பிச்சாங்களா?"

நீ மரத்து மேலிருந்தே பதில் சொல்வாய். "தாலி அவளுக்கு, கயிறு எனக்கு. ரெண்டுல எது அறுந்தாலும் நட்டம் அவளுக்குத்தானுங்க."

அப்போது நானும்தான் சிரித்தேன்.

விலை விழுந்து எஸ்டேட்டில் மரம் கழிக்கிற வேலையே நின்றபோது, கோயமுத்தூரிலிருந்து ஆள் பிடிக்கிற ஏஜென்ட் ஒருவன் என் கடைக்கு வந்தான். "உசரத்துக்குப் பயப்படாத ஆளுக வேணுங்க. மலேசியாவுல கச்சேரி மேடை கட்டோணும். ஸ்டேடியம் ஸ்டேடியமா போகோணும்" என்றான். உன் பெயரை முதலில் சொன்னது நான். உன்னோடு மரம் ஏறிய நடராசுவையும் நான்தான் சேர்த்துவிட்டேன். ஏஜென்ட் சும்மா கேட்கவில்லை. கையுறைக்கும் கயிற்றுக்கும் என் கடைக்கே ஆர்டர் தருவதாகச் சொன்னான். இதை நான் அன்று உன்னிடம் சொல்லவில்லை.

புறப்படும்போது துணி மூட்டையில் கயிற்றையும் சுருட்டி வைத்தாய். "அங்கெல்லாம் பெல்ட்டு கொடுப்பாங்கடா, இதெதுக்கு?" என்றேன். "கெடக்கட்டும் மச்சான், இது எங்கூடப் பேசும்" என்றாய்.

நீ போன ஒன்பதாம் நாள் நீ விழுந்து செத்த செய்தி வந்தது.

அதற்கு மறுநாள் ஏஜென்ட் ஒரு தாளோடு கடைக்கு வந்தான். சொந்த ஊர் வழக்கப்படி பாதுகாப்பு பெல்ட்டைத் தானாகவே கழற்றிவிட்டு ஏறியதால் விழுந்தார் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது. இவர்கள் ஊரில் இப்படித்தான் ஏறுவார்கள் என்று தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"போட்டீங்கன்னா வெள்ளிக்கிழமை பாடி ஏத்திருவாங்க. இல்லீன்னா விசாரணை. எத்தன வாரம் ஐஸ் பெட்டியில கெடக்குமோ, எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

கடைக்குப் பின்கட்டில், என் வீட்டில், சரோஜா "மொகத்தக் காட்டுங்ணா, ஒருக்கா மொகத்தக் காட்டுங்ணா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

போட்டேன் மாப்பிள்ளை. கயிறு இல்லாமல் நீ ஒரு முருங்கை மரம்கூட ஏறமாட்டாய் என்று இந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? இருந்தும் போட்டேன். தங்கைக்காகப் போட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். கையுறை ஆர்டரும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது என் கையை நகர்த்தியது? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா?

உன் காரியம் முடிந்த பிறகு நடராசு ஊர் திரும்பினான். நேராகச் சரோஜாவிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். ஏறுகிற ஆட்களுக்கு வேண்டிய அளவு பெல்ட் அங்கே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பெல்ட் இல்லாமல் ஏறமாட்டேன் என்று நீ கீழேயே நின்றிருக்கிறாய். மாலையில் கச்சேரி, ஏறாதவன் நாளைக்கே ஊருக்கு என்று மேஸ்திரி கத்தியிருக்கிறான். நடராசு பெல்ட் இல்லாமல் ஏறப் பயந்திருக்கிறான். கடைசியில் எங்கிருந்தோ தேடி உனக்கென்று நீட்டிய ஒரே பெல்ட்டை நீ அவனுக்கு மாட்டிவிட்டு, மூட்டையிலிருந்து உன் கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறினாயாம்.

மரப்பட்டைக்கு அது நல்ல கயிறு. நான் மட்டமான சரக்கு விற்கவில்லை. ஆனால் இரும்பு விளிம்பில் இழுபட்டால் எந்தக் கயிறும் அறுந்துவிடும். மரத்துக்கென்று விற்ற கயிறு மாப்பிள்ளை அது.

நீ விழுந்த அன்று சாயங்காலமே கச்சேரி நடந்தது. நீ விழுந்த இடத்தில் கறுப்புத் துணி விரித்தார்களாம். அவள் இரண்டு மணி நேரம் பாடினாளாம். ஸ்டேடியம் முழுக்க ஜனம் எழுந்து ஆடியதாம். உன்னைப் பற்றி அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தால் பாடாமல் இருந்திருப்பாளா? அவள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

நடராசு வந்து சொன்ன அன்று மதியமே சரோஜா கடைக்கு வந்தாள். ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்த டூரிஸ்ட்டுகள் விலகி நின்றார்கள். நடராசு கொண்டுவந்த கயிற்றை மேஜை மேல் எறிந்தாள். ஒரு முனையில் என் சிவப்பு நூல். மறு முனை நார் நாராகப் பிய்ந்து கிடந்தது.

"இது யாரு கயிறுங்ணா?"

நான் சிவப்பு நூலை விரலால் தடவினேன்.

"கவனமில்லாம செத்தாருன்னு எழுதிக் குடுத்திருக்கற. எம்பட புருசன் கவனமில்லாதவரா? சொல்லு. இந்த ஊருல உனக்குத் தெரியாதா?"

கயிற்றை எடுத்துக்கொண்டு போனவள்தான். அதன் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. என்னை அண்ணா என்று கூப்பிடவும் இல்லை.

போன வாரம் அதே ஏஜென்ட் மறுபடி வந்தான். பெங்களூருக்கு ஆள் வேண்டுமாம். "பெல்ட்டு உண்டா?" என்று கேட்டேன். சிரித்தான்.

"என்னங்க மொதலாளி, உங்க மலைக்காரங்களுக்குப் பெல்ட்டுப் போட்டா வேலை ஓடாதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? அந்தப் பேப்பர கம்பெனியில பத்திரமா வெச்சிருக்காங்க. இந்த தடவ மலை ஆளுகளுக்குப் பெல்ட்டே வாங்கல."

உன்னை ஊருக்குக் கொண்டுவந்து கிடத்த என்று நான் போட்ட கையெழுத்து மாப்பிள்ளை. அது இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

ஆள் இல்லை என்று அவனை அனுப்பிவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. மறுநாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒன்பது பேர் அவனிடம் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் நடராசுவும் ஒருவன்.

"மறுபடியுமாடா?" என்றேன்.

"ஊட்டுல அடுப்பு எரியோணுமில்லீங்க" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தான்.

நேற்று சரோஜா வீட்டு வாசலில் போய் நின்றேன். கயிற்றைக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அரிசி டிரம்முக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"திருப்பிக் கொண்டாந்து குடுத்துரோணும்" என்றாள். "கடையில வித்துப்போடாத."

அண்ணா என்று சொல்லவில்லை. பரவாயில்லை.

திங்கட்கிழமை அந்த ஒன்பது பேரோடு நானும் பஸ் ஏறுகிறேன். கயிறு என் மடியில் இருக்கும். அங்கே ஸ்டேடியத்தில் யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்று தெரியவில்லை. கேட்கிறவனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவேன். கேட்காதவனிடம் கயிற்றின் பிய்ந்த முனையைக் காட்டுவேன். பெல்ட் இல்லாமல் நம் ஆள் ஒருவனும் கோபுரத்தில் கால் வைக்கமாட்டான். வைக்க வந்தால் கீழே குறுக்கே நிற்பேன். அவள் கச்சேரி நடக்கட்டும், நடக்காமல் போகட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். வேலுச்சாமி பெல்ட்டைத் தானாகக் கழற்றவில்லை. அவன் கவனக்குறைவால் சாகவில்லை. அவன் இடுப்பில் கயிறு இருந்தது. அதை விற்றவன் நான். நான் முன்பு எழுதிக் கொடுத்தது பொய்.

அந்தத் தாளில் 'சாட்சி' என்று அச்சடித்த இடத்துக்கு மேல் போட்ட அதே கையெழுத்தை இங்கேயும் போடுகிறேன்.

உன் மச்சான்,
சரோஜாவின் அண்ணன்,
நாச்சிமுத்து