விட்டுப்போன கோடுகள்

ஜூலை 14, திங்கள்

மறைந்த மனைவி வரைந்த கோட்டுப் படங்களுக்குக் கணினியில் வண்ணம் தீட்டப் பழகுகிறேன். இன்று அவள் கடைசியாக வரைந்த காப்பிச் செடி. ஓர் இலைக்குள் பச்சையை ஊற்றினால் பக்கம் முழுவதும் பச்சையாகிறது. என் தவறு என்றுதான் நினைத்தேன். நான்கு முறை முயன்றுவிட்டு, கணினி வகுப்பில் கற்றுத்தரும் செல்வியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க சார், ஏற்காட்டையே பச்சையாக்கிப் போட்டீங்க!" என்று சிரித்தவள், படத்தைப் பெரிதாக்கினாள். "கோடு அங்கங்க விட்டுப்போயிருக்குதுங்க. அது வழியா கலர் வெளிய ஓடிருது. அம்மாவுக்குக் கை நடுங்குமுங்களா?"

"இல்ல அம்மணி" என்றேன்.

வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். பழைய படங்களில் கோடுகள் சேர்ந்தே இருக்கின்றன. அவளுடைய நோய்க்காக முதன்முதலில் சேலத்து டாக்டரிடம் போவதற்கு எட்டு மாதம் முன்பே விட்டுப்போகத் தொடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் வரைந்ததும் என்னிடம்தான் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, பின்பக்கம் தேதி எழுதி அடுக்கி வைத்தேன்.