பனியன், சட்டை, கோட்டு, ஜிகினா

மார்ச் 4, செவ்வாய்

மழையில் வண்டி மறுபடியும் பள்ளி வாசலில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டில் பெரியவளும் வாண்டுகள் இரண்டும். நான் வழக்கம்போல ஸ்கூட்டரில், வழக்கம்போல பின்னால், வழக்கம்போல தொப்பலாக நனைந்து. தள்ளியதும் நான்தான். வாண்டுகள் பின் கண்ணாடி வழியாக எனக்குக் கை காட்டிக்கொண்டே வந்தார்கள், ஏதோ ஊர்வலம் பார்ப்பதுபோல.

வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம். வீட்டில் ஆறு பேர். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக இந்தக் கணக்கு இடிக்கிறது. வண்டி மனைவியின் முதல் கணவர் வாங்கியது. அவர் போய் ஐந்து வருடமாகிறது. அவர் இருந்தவரை அதில் எல்லோருக்கும் இடம் சரியாக இருந்திருக்கிறது. அப்புறம் மாமனார் வந்தார், அப்போதும் சரியாக இருந்தது. அதற்கும் அப்புறம் நான் வந்தேன். ஸ்கூட்டரில் வா என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மனைவி என் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, "பெரிசா ஒண்ணு வாங்கிடலாங்க" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவளுக்கு முடிவெடுக்க அரை நிமிடம் போதும். எனக்கு ஆறு வாரமாவது வேண்டும்.

மார்ச் 8, சனி

மாமனாரும் நானும் ஷோரூம் போனோம். ஏழெட்டுப் பேர் தாராளமாக உட்காரும் எஸ்யூவி. ஒரே வண்டிதான், ஆனால் நாலு வகையாம். விற்பனைப் பெண் எழுத்தும் எண்ணுமாக நாலு பெயர் சொன்னாள். நாலும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டது. காது பரிசோதனை செய்வதுதான் என் தொழில் என்று அவளிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

மாமனார் ரிட்டயரான தையற்காரர். நாலிலும் ஏறி உட்கார்ந்து, சீட் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, அங்கேயே வேறு பெயர் வைத்துவிட்டார். அடிமட்டத்தில் இருப்பது பனியன். மானத்தை மறைக்கும், அவ்வளவுதான். நடுவரிசையில் ஒரே நீள சீட், அதை மடக்கிப் பின்வரிசைக்குப் போவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடுத்தது சட்டை. அதே நீள சீட்தான், ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக மடிந்து வழி விடும். ஏறுவதற்குப் படி உண்டு, கடைசி வரிசைவரை ஏசி வரும். அதற்கு மேலே கோட்டு. இதில் நடுவரிசையில் நீள சீட் கிடையாது, கை வைத்த தனி நாற்காலி இரண்டு, அவற்றுக்கு நடுவே பின்னால் நடந்துபோக வழி. தோல் உறை வேறு. உச்சியில் இருப்பது ஜிகினா. கோட்டில் உள்ளதெல்லாம் இதிலும் உண்டு. போதாததற்குக் கூரையில் கண்ணாடியும், முதுகு பிடித்துவிடும் சீட்டும்.

அந்தச் சீட்டில்தான் கூத்து. மாமனார் சாய்ந்ததும் விற்பனைப் பெண் எதையோ அழுத்தினாள். அவர் சட்டென்று பின்னால் திரும்பி, "யாருப்பா அது, கொஞ்சம் சும்மா இரு" என்றார். பின்னால் யாரும் இல்லை.

விலையை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேயே போகும்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது படங்களைக் காட்டினேன். வாண்டுகள் ஜிகினா கட்சி, கூரை வழியாகத் தலையை நீட்டலாமாம். மனைவி பனியன் கட்சி, நாலு சக்கரமும் உருண்டால் போதுமாம். பெரியவள் படத்தைப் பார்த்தாள், அப்புறம் தட்டைப் பார்த்தாள்.

"உங்க வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

உங்க.

பதினாறு வயது. மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நான் வந்த மூன்றாம் மாதமே வாண்டுகள் அப்பா என்று ஆரம்பித்துவிட்டார்கள். இவள் நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து பேசுவாள். பேசினால், நாங்க இதை இப்படித்தான் செய்வோம், நாங்க அங்கதான் துணி காயப்போடுவோம். என்னிடம் 'நாம' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாங்க, நாம — இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. நான் வெளிப்பக்கம் நிற்கிறேன்.

இதையெல்லாம் கவனிக்கலாமா? தொழில் புத்தி. அட்டையால் உதட்டை மறைத்துக்கொண்டு பால், கால், வால் என்று சொல்வேன், எதிரே இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காது மட்டும் ஓய்வெடுக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 12, புதன்

சட்டைக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்று ஒரு நோயாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்குக் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

தனியாகப் போய் கோட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் தனி நாற்காலி மனதைப் பிடித்துக்கொண்டது. எனக்காக இல்லை, பெரியவளுக்காக. பழைய வண்டியில் அவளுக்கு எப்போதும் பின்சீட்டின் நடு இடம்தான். ஒரு பக்கம் ஒருவன் முட்டியால் இடிப்பான், மறுபக்கம் இன்னொருவன் அவள் தோளில் எச்சில் வடியத் தூங்குவான். பதினாறு வயதில் யாருக்குத்தான் தனி இடம் வேண்டாம்? கோட்டில் அவளுக்கு ஒரு நாற்காலி, மாமனாருக்கு ஒரு நாற்காலி, வாண்டுகள் கடைசி வரிசையில். யாரும் அவளை இடிக்க மாட்டார்கள். பேச்சுக் கொடுக்கவும் மாட்டார்கள், நான் உட்பட.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்குமா என்று பார்க்கிறேன். நாற்பத்தைந்து வயதுக்கு இது கொஞ்சம் அசட்டுத்தனம்தான்.

கோட்டு என்று மனைவியிடம் சொன்னேன். "யாருக்காக?" என்றாள். தோல் சீட் துடைக்கச் சுலபம் என்று மழுப்பினேன். டாக்டர் கேட்குமுன்பே கத்தரிக்கோலை எடுத்து நீட்டுகிறவள், என் மழுப்பலையா நம்புவாள்?

மார்ச் 18, செவ்வாய்

ஷோரூமிலிருந்து ஃபோன். பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புதியதில் கழித்துக்கொள்வார்களாம். அதை நான் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். பெரியவள் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்குக் கொடுக்கணும்? நாங்க அஞ்சு பேரும் அதுல நல்லாத்தானே போய்ட்டு வர்றோம்."

அஞ்சு பேர். சத்தம்கூடப் போடல. சாதாரணமாத்தான் சொன்னா. அதான் தாங்கல. கோபமா சொல்லியிருந்தா ஏதோ கோபத்துல சொல்லிட்டாள்னு விட்டிருக்கலாம். நான் என்ன, அவங்க அப்பா இடத்தையா கேட்டேன்? மழைன்னும் பாக்காம வெயில்னும் பாக்காம பின்னாடியே வந்தேனே — ஒரு நாள் முகம் சுளிச்சேனா? எனக்கு எதுக்கு இந்தக் கோட்டும் சட்டையும்? பேசாம ஸ்கூட்டருக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கிட்டு —

சே. எழுதியதைப் படித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அது அவள் அப்பா ஓட்டிய வண்டி. அதை யாரோ ஃபோனில் பேரம் பேசுவதைக் கேட்டால் எனக்கும்தான் பற்றிக்கொண்டு வரும். அவள் என்னைக் கணக்கிலிருந்து வேண்டுமென்று விட்டுவிடவில்லை. அந்த வண்டியில் ஐந்து பேர்தான் போகிறார்கள். பார்ப்பதைச் சொன்னாள். ஆனாலும் வலிக்கிறது.

மார்ச் 19, புதன்

பழைய வண்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்பது பெரியவள் முடிவு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றால் கொடுக்க வேண்டாம், கைக்கு எட்டுகிற பனியனை வாங்கிக்கொள்ளலாம். "நீங்களே அவகிட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி. போய்ச் சொன்னேன். பெரியவள் "ம்" என்றாள். சரி என்கிற ம்-மா, பார்க்கலாம் என்கிற ம்-மா, ஆளை விடுங்கள் என்கிற ம்-மா என்று பிடிபடவில்லை.

மார்ச் 22, சனி

எல்லோரும் ஷோரூம் போனோம். ஐந்து பேர் பழைய வண்டியில், நான் ஸ்கூட்டரில்.

வாண்டுகள் நேராக ஜிகினாவுக்குள் ஓடினார்கள். நான் பெரியவளைக் கோட்டின் தனி நாற்காலியில் உட்காரவைத்தேன். பல் டாக்டரிடம் வந்தவள்போல இரண்டு கையையும் இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் கால் நீட்ட இடமிருக்கிறதா பார்ப்போம் என்று நான் பின்னால் போய் என்னைத் திணித்துக்கொண்டேன். வாண்டுகளுக்கு இருக்கும், எனக்கு இல்லை.

விற்பனைப் பெண் கதவருகே வந்து, எப்படி இருக்கு, தனி சீட், தனி சார்ஜர் என்று ஆரம்பித்தாள். நான் பின்னால் இருப்பது பெரியவளுக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன்.

"எனக்குத் தனி சீட் வேணாங்க. தூக்கம் வந்தா இவனுங்க எங்க சாய்வானுங்க?" என்றாள். மேலும் சொன்னாள்: தாத்தாவுக்கு முழங்கால் மடக்கவே கூடாது, நீள சீட் இருந்தால்தான் காலைக் குறுக்கே நீட்டிக்கொள்ள முடியும். கடைசி வரிசை அவளுக்கும் தம்பிகளுக்கும். ஆனால் தாத்தாவைக் கிளப்பிவிட்டுச் சீட்டோடு மல்லுக்கட்ட முடியாது, அதனால் பொத்தானில் மடிகிறது வேண்டும், ஏறப் படியும் வேண்டும். முன்னால் அவங்க ரெண்டு பேரும். மூன்று வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டதை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிட்டாள். அம்மாவின் பெண்தான்.

நான் தனி நாற்காலியைப் பரிசு என்று நினைத்தேன். அந்த எச்சில் வடியும் தோளை அவள் விட்டுக்கொடுப்பாள் என்று எப்படி நினைத்தேன்? இத்தனை நாள் கூட இருந்தும் இதுகூடத் தெரியவில்லை.

பழைய வண்டியைக் கொடுக்கிறீர்களா என்று விற்பனைப் பெண் அடுத்துக் கேட்டாள். மனைவி பெரியவளைப் பார்த்தாள். மாமனார் எங்கோ பார்த்தார்.

பெரியவள் கொஞ்ச நேரம் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கொடுத்துடறோம். நாங்க ஆறு பேர். அதுல அஞ்சு பேர்தான் உக்கார முடியும்."

கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறேன். நானே மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நாங்க ஆறு பேர். 'நாம' எப்போது வரும் என்று ஒன்றரை வருடமாகக் காத்திருந்தேன், வந்தது அதே பழைய 'நாங்க'தான். ஆனால் அவள் என்னிடம் சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடம் சொன்னாள். கதவுக்கு வெளியே இந்த முறை நின்றது அந்தப் பெண். நான் உள்ளே இருந்தேன், கடைசி வரிசையில், முட்டி தாடையில் இடிக்க. இவ்வளவு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை.

மனைவி தலையை உள்ளே நீட்டி, "உங்களுக்குக் கேட்டுதா?" என்றாள்.

கேட்டது என்று தலையாட்டினேன். உடனே எழுந்து வர முடியவில்லை. மாமனார் நான் மாட்டிக்கொண்டேன் என்று முடிவு செய்து, மாப்பிள்ளையை இழுங்கப்பா என்று கடை முழுக்க ஆள் கூப்பிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

சட்டை. சொல்லியாயிற்று. வாண்டுகள் கூரைக் கண்ணாடிக்காக ஒரு மணி நேரம் அழுது ஓய்ந்தார்கள். மாமனாருக்குப் பரம திருப்தி, கோட்டில் அவருக்குத் தையல் பிடிக்கவில்லையாம்.

ஏப்ரல் 12, சனி

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தோம். காலையில் பெரியவள் அதைக் கழுவினாள். விற்கிற வண்டியை யாராவது இப்படித் தேய்ப்பார்களா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தேன். கூரையின் நடுப்பகுதி அவளுக்கு எட்டவில்லை. கொஞ்சம் எக்கிப் பார்த்தாள், அப்புறம் துணியை என்னிடம் நீட்டினாள். துடைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ஏப்ரல் 19, சனி

புது வண்டியில் முதல் பயணம். கடற்கரைக்கு. முதலில் நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்று மனைவி சாவியை என் கையில் வைத்துவிட்டாள்.

பொத்தானை அழுத்தியதும் சீட் மடிந்து வழி விட்டது. வாண்டுகள் அதை மூன்று தடவை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் ஏறினார்கள். நான் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஒரு கையில் வண்டிச் சாவி, இன்னொரு கையில் ஹெல்மெட். பழக்கம், கை தானாக எடுத்திருக்கிறது.

பெரியவள் இன்னும் ஏறவில்லை, படியருகே நின்றிருந்தாள். சிரிக்காமல் ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பின்னால் போய்த் தம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். தாத்தா காலை நீட்டும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்து,

"நாம போலாமா?" என்றாள்.

போனோம்.