நிற்கையில் குடிக்காத வண்டி

அம்மா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. இனி நீ யாரிடம் காட்டப்போகிறாய் என்று தெரிந்தும் கேட்கிறேன். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

என் உள்ளங்கையில் துரு வாசம். சாயங்காலம் கொட்டகையின் இரும்புத் தூணைத் தொட்டுவிட்டுத்தான் உன் காரைத் திறந்தேன். பட்டாசுக் கம்பெனி வாசலில், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க, எல்லோரும் செம்புத் தகட்டில் கை வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். ஆபீசில் வேலை பார்த்த நீயும் வைத்தாய். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. காரைத் திறக்கும் முன் இந்தத் தூணைத் தொடுவாய். "உங்கம்மா காருக்கும் வெடிமருந்து செலுத்தப் போறா போல" என்று அப்பா சிரிப்பார்.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் அந்தச் சின்ன ஹைபிரிட் காரை நீ வாங்கியது யாருக்கும் பிடிக்கவில்லை. லோடு வண்டி ஓட்டும் அப்பாவுக்கு டீசல்தான் எல்லாம். பெரியப்பா கேஸ் கிட் மாட்டச் சொன்னார். "ஏம்மா, பெட்ரோல் காருல பேட்டரி எதுக்கு, டார்ச் அடிக்கவா?" என்று கேட்டவரே, அது வெடித்துவிடும் என்று பயந்து காரை வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தவும் சொன்னார்.

"வெடி செஞ்சு பொழைக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு டார்ச்சுக்குப் பயப்படுறீகளே மாமா" என்றாய்.

அப்பாவிடம் மட்டும் பொறுமையாகச் சொன்னாய்: "உங்க லோடு நிக்காம ஓடும், அதுக்கு டீசல் சரிதாங்க. நான் ரயில்வே கேட்டுல நிக்கேன், பஸ் ஸ்டாண்டுல நிக்கேன், கம்பெனி வேனுக்குப் பின்னாடி நிக்கேன். நிக்கையில குடிக்காத வண்டிதான் எனக்கு வேணும்."

கேட்டில் மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டிருக்க, நம் கார் மட்டும் மூச்சு விடாமல் நிற்கும். அந்த அமைதியில் என்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்வாய். பெட்ரோலில் மிச்சம் பிடித்தது சனிக்கிழமை எண்ணெய்ப் புரோட்டாவாகும். அப்பாவும் சாப்பிடுவார், டீசலைப் பற்றிப் பேசாமல்.

காய்ச்சலில் நீ போனதிலிருந்து கார் அங்கேயே நிற்கிறது. பேட்டரி செத்திருக்கும், புதிது போட்டால் கார் விலை ஆகும் என்கிறார் பெரியப்பா. நாளைக்குக் காரியாபட்டியிலிருந்து புரோக்கர் வருகிறார். பிரித்து விற்கத்தான். அப்பா தலையாட்டிவிட்டார்.

பேட்டரி சாகவில்லை அம்மா. "இதப் பட்டினி போட்டாலும் போடலாம், சும்மா போட்டு வைக்கக் கூடாது பாப்பா" என்று சொல்லியிருக்கிறாய். அதனால் அப்பா லோடுக்குப் போகும்போதெல்லாம் உன் சாவியோடு போய் உட்காருவேன். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் விளக்குகள் எரியும், சத்தமே இருக்காது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாகக் கிளம்பும். கியரைத் தொடமாட்டேன். நீ கடைசியாகப் போட்ட பெட்ரோல்தான் இன்னும் எரிகிறது. இன்றைக்கு முள் அடிக்கு வந்துவிட்டது.

கார் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் விற்பது நிற்கலாம். ஆனால் ஒருமுறை என்னை அந்த சீட்டில் பார்த்தபோது, இனி சாவியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றார் அப்பா. அதற்கு முன் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

லோடு வண்டிச் சத்தம். அப்பா வந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வீட்டுக்குள் வராமல் கொட்டகைக்குப் போகிறார். கையில் இன்னொரு சாவி. காரில் இருக்கும் உன் பொருளையெல்லாம் எடுக்கப் போகிறார் போல.

அம்மா, அவர் தூணில் கை வைக்கிறார். லோடு வண்டிக்கு ஒருநாளும் வைத்ததில்லை. வைத்த கையை எடுக்கவே இல்லை.

இப்போது உள்ளே உட்கார்ந்துவிட்டார். விளக்குகள் எரிகின்றன. எஞ்சினும் கிளம்பிவிட்டது. என் ஜன்னலைப் பார்க்கிறார். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். இந்தக் கையில்தான் உன் பழக்கம் இருக்கிறது, அவர் முறித்தாலும்...

கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, முழிச்சிருக்கியா? வண்டியில பெட்ரோல் இல்ல. வா, போட்டுட்டு வந்துருவோம்."