மஞ்சள் மை இல்லாமல் கருப்பு வராது

பிப்ரவரி 10, திங்கள்

நான் வேலை பார்க்கும் கோயில் பங்கு அலுவலகத்துக்குப் பிரிண்டர் வந்துவிட்டது. தேவானந்தம் அண்ணன் அன்பளிப்பு. என் மகள் லின்சிக்கு மாமனார் ஆகப் போகிறவர். கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தன் குடும்பப் பெயரை ஒட்டியிருக்கிறார். ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்தார். சும்மா வந்த பொருள், கோயிலுக்கு மிச்சம்தானே.

மார்ச் 4

மை தீர்ந்தது. கருப்பு மட்டும் வாங்கிப் போட்டேன்.

மார்ச் 7

ஞாயிறு அறிவிப்புத் தாள் அடிக்க உட்கார்ந்தேன். மஞ்சள் மை இல்லையாம், அடிக்காதாம். அடிப்பது கருப்பு எழுத்து. தவக்காலத்தில் யார் மஞ்சளில் அடிப்பார்கள்?

ஜெராக்ஸ் கடை சஹீரிடம் மை வாங்கப் போனேன். “மெசினக் கம்மியாக் குடுத்துப்போட்டு மையில புடிச்சுக்குவாங்கக்கா” என்றார். இதைப் பிப்ரவரியில் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 22

ஈஸ்டர் லீவில் நான்கு நாள் சும்மா இருந்ததற்கு, திறந்ததும் தன்னைத்தானே சுத்தம் செய்கிறேன் என்று பாதி மையைக் குடித்துவிட்டது. “இதையே வெச்சுக்கறதா, லேசர் வாங்கறதா? பங்குப் பேரவைக்கு ஒரு அறிக்கை எழுதுங்கம்மா” என்றார் ஃபாதர்.

கணக்குப் போட்டேன். ஒரு வருட மைக்கு ஆகும் பணத்தில் ஒரு லேசரே வாங்கலாம். காகிதம் சிக்கி நான் இழுத்துக்கொண்டு நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் பேரவையில் முன்வரிசையில் அண்ணன் இருப்பார். ஆகஸ்டில் கல்யாணம். சைமன் நல்ல பையன். இன்னொரு இடம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. லின்சி அப்பா உயிரோடு இருந்தால் அவரையாவது கேட்கலாம் — என்ன எழுத?

மே 11, ஞாயிறு

வாசித்தேன். “இயந்திரம் நன்றாக உழைக்கிறது. செலவு கட்டுப்பாட்டில் உள்ளது.” மை பில்லில் பாதி என் பர்ஸில் இருந்தது. ஃபாதரிடம் கொடுக்கவே இல்லை. அண்ணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டி. “அறிக்கையக் கேட்டதும் தோணுச்சுங்க. லின்சி அம்மணி ட்யூசன் எடுக்குதல்லங்க, கொஸ்டின் பேப்பர் அடிக்க ஆகும்.” அதே மாடல்.

லின்சி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வேண்டாங்க மாமா. அங்க இருக்கறதுக்கே அம்மா கைக்காசுல மை வாங்கிட்டிருக்காங்க.”

“அப்படீங்களா? அறிக்கையில அப்படி இல்லீங்களே.”

பால் பொங்குகிறது என்று எழுந்துபோனேன். அடுப்பில் பாலே இல்லை. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, அவரும் இல்லை.

“சும்மா இருக்க மாட்டியாடி? நாளைக்கு நீ வாழப் போற ஊடு அது.”

“அதனாலதாம்மா சொன்னேன்.”

எனக்கு அழுகையாக வந்தது. கோபத்தாலா, என்னவோ.

ஜூன் 8

அங்கிருந்து போன் இல்லை.

ஜூன் 12

சைமன்கூடக் கூப்பிடவில்லையே என்று புலம்பினேன். லின்சியைத் தினமும் கூப்பிடுகிறானாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து அண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “ஓட்டுங்க, பாக்கலாம்.” ஓட்டினேன். சுத்தம் செய்துகொண்டது. நீல மை கேட்டது. மாற்றினேன். மூன்று தாளைச் சேர்த்து இழுத்துச் சிக்கிக்கொண்டது. அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்.

“எங்க ஊட்டுல எதக் கேட்டாலும் நல்லாருக்குன்னுதானுங்க சொல்லுவாங்க. நீங்களுமுங்களா?”

“தப்புத்தானுங்கண்ணா” என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 13, ஞாயிறு

லேசர் வந்து ஒரு வாரம். ஒரு தொந்தரவும் இல்லை. காலைப் பூசையில் லின்சிக்கும் சைமனுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள்.

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. கோழிக் குழம்பு அவரே வைத்தாராம். எல்லோரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். “எப்படி இருக்குதுங்க?” என்று என்னைக் கேட்டார்.

“உப்புக் கொஞ்சம் தூக்கலுங்கண்ணா” என்றேன்.

எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். பிறகு சைமன், “ஆமாங்கப்பா” என்றான்.